ஏன் என்று கேட்டால் ‘டன் மேடம்’

‘டன் மேடம்’ என்ற இரண்டு சொற்களும் இனி என் கண்ணில் படாமல் யாராவது செய்தால் அவர்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடுவேன். அப்படி ஒரு வெறுப்பு. காரணம் ஒரே ஒரு பேட்ச்.

சம்பளத்துக்கு நான் பார்க்கும் வேலை சோழிங்கநல்லூர்ப் பக்கம். வாரத்தில் இரண்டு நாள் நேரில் போக வேண்டும், மற்ற நாட்களில் சிட்லபாக்கத்து வீட்டின் முன்னறையே அலுவலகம். அது போதாதென்று நானாகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட வேலை இன்னொன்று உண்டு. தண்ணீர் மீட்டர், லிஃப்ட், மருத்துவமனைக் கருவி போன்ற இயந்திரங்களுக்குள் ஓடும் ஓர் இயங்குதளம். அதன் கெர்னல், அதாவது எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்து மொத்தக் கருவியையும் நடத்துகிற நிரல், பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். அனுப்பும் திருத்தத்துக்குத்தான் பேட்ச் என்று பெயர். அதில் பஸ் டிரைவர் பகுதிக்கு வருபவற்றைப் படித்து, சரி என்றால் சேர்த்துக்கொள்வதும் இல்லையென்றால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவதும் என் பொறுப்பு.

“பஸ் டிரைவர்னு சொல்றா, டூவீலர் லைசென்ஸே கிடையாது” என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வேளச்சேரிக்குப் போகும் பஸ் அல்ல இது. ஒரு போர்டில் இருக்கும் பிராசஸரும் சென்சார்களும் பேசிக்கொள்கிற இரண்டு கம்பி. ஒரு கம்பி தாளம் போடும், இன்னொன்றில் பேச்சு போகும். சில சமயம் ஒரு சென்சார் பாதிப் பேச்சில் மயங்கி, பேச்சுக் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு விடாது. அவ்வளவுதான், அந்தக் கம்பியில் இருக்கும் மற்ற எல்லாரும் ஊமை. டிரைவர் செய்ய வேண்டியது, தாளக் கம்பியைத் தட்டித் தட்டி அந்த மயங்கின ஆசாமியை எழுப்புவது. எங்கள் டிரைவரில் அந்த எழுப்புகிற வேலையே இல்லை. கம்பி சிக்கினால் மொத்தக் கருவியும் உறைந்து நின்றுவிடும். பல காலமாக இருந்த குறை. யாராவது எழுதி அனுப்ப மாட்டார்களா என்று நானும் காத்திருந்தேன்.

அதனால் அந்தப் பேட்ச் முதலில் வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். பெயரைப் பார்த்தால் தமிழ்ப் பெயர். முகவரியைப் பார்த்தால் சென்னையில் ஏதோ ஒரு சின்னக் கம்பெனி. அட, நம்ம ஊர் ஆள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தேன்.

எழுப்புகிற பகுதியைச் சுத்தமாக எழுதியிருந்தான். ஆனால் இரண்டு இடங்கள் உறுத்தின. சென்சாரை எழுப்பிய பிறகு இருபது மில்லிசெகண்டு சும்மா நிற்கச் சொல்லியிருந்தான். ஏன் இருபது, ஏன் பத்து இல்லை, ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. இரண்டாவதுதான் பெரிய இடம். கம்பி எழுந்ததும், சென்சாரைப் படிக்கச் சொன்ன நிரலிடம் “வெற்றி, படித்துவிட்டேன்” என்று பதில் கொடுத்துவிட்டான். ஆனால் படிக்கவே இல்லையே! கம்பி எழுந்ததே தவிர, சென்சாரிடமிருந்து புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. கேட்ட நிரலின் கையில் இருப்பது போன தடவை படித்த பழைய எண். அதைப் புதுசு என்று நம்பிக்கொண்டு அது பாட்டுக்குப் போகும். அங்கே “தோல்வி, மறுபடி கேள்” என்றுதான் பதில் கொடுக்க வேண்டும்.

மரியாதையாகத்தான் எழுதினேன். இந்த வேலையெல்லாம் உலகமே பார்க்கிற ஒரு பொது மெயில் லிஸ்ட்டில் நடக்கும், வாய்க்கு வந்தபடி எழுத முடியாது. நல்ல வேலை, நன்றி, இந்த இருபது ஏன், இந்த இடத்தில் வெற்றி என்று ஏன் சொல்கிறோம். இவ்வளவுதான் கேட்டேன்.

மறுநாளே இரண்டாவது வடிவம் வந்தது. மேலே “டன் மேடம்”. திறந்து பார்த்தால் இருபதைக் காணோம். வரியையே தூக்கிவிட்டான். வெற்றி என்று சொல்கிற வரியோ குத்துக்கல் மாதிரி அப்படியே நிற்கிறது. எடுக்கச் சொல்லவில்லை, ஏன் என்று கேட்டேன் என்று மறுபடி எழுதினேன். மூன்றாவது வடிவம் வந்தது. இருபது இருந்த இடத்தில் இப்போது நாற்பது. “டன் மேடம். இன்க்ரீஸ்ட் அஸ் பெர் யுவர் கமென்ட்.”

நான் எப்போது ஐயா கூட்டச் சொன்னேன்? கீரைக்கட்டுக்குப் பேரமா நடக்கிறது இங்கே? தலையில் அடித்துக்கொண்டேன்.

அவனை மட்டும் சொல்லி என்ன? நம் ஊரில் “ஏன்” என்பது கேள்வியே கிடையாது. பள்ளிக்கூடத்தில் “ஏன் லேட்டு?” என்று கேட்கும்போது காரணம் சொல்கிற பிள்ளைக்குத்தான் இன்னும் ஒரு அடி கூட விழும். ஆபீசில் மேலே இருப்பவர் “இதை ஏன் இங்க வெச்சீங்க?” என்றால் எடுத்துத் தொலை என்று அர்த்தம். அந்த லிஸ்ட்டில் இருக்கும் வெளிநாட்டுக்காரர்களிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், இரண்டு பக்கத்துக்குச் சண்டைக்கு வருவார்கள். உனக்குத்தான் புரியவில்லை என்று முகத்துக்கு நேரே எழுதுவார்கள். எனக்கு அதுதான் வேண்டும். சண்டை போட்டால்தான் எனக்கும் விஷயம் தெரியும். நம் ஆட்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, டன் மேடம், டன் மேடம். எரிச்சலாக வந்தது.

மூன்றாவது தடவை பொறுமையாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல எழுதினேன். இப்படி இப்படி நடந்தால் பழைய எண்ணைப் புது எண் என்று காட்டும், அந்த எண்ணை நம்பி ஓடுகிற கருவி என்ன ஆகும், யோசித்துப் பார்த்தீர்களா என்று. வந்த பதில்: “டெஸ்டட் ஓகே மேடம்.” எப்படி டெஸ்ட் செய்தீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. பதிலுக்கு அடுத்த வடிவம் வந்து விழுந்தது. வெற்றி என்கிற அந்த வரியை எடுத்து வேறு ஒரு மூலையில், அழகான பெயர் வைத்த ஒரு பகுதிக்குள் ஒளித்து வைத்திருந்தான். என் கண்ணில் மண்ணைத் தூவப் பார்க்கிறானா?

அன்று எனக்கு வந்த கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மெயில் எழுதினேன். நாகரிகமான மெயில் அல்ல. உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தார்கள் என்கிற தோரணையில் இருந்தது. அனுப்பு என்று அமுக்குகிறேன், சுற்றிக்கொண்டே இருக்கிறது, போகவில்லை. வெளியே எட்டிப் பார்த்தால், பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிக்கொண்டிருந்த ஜேசிபி எங்கள் பக்கத்து இன்டர்நெட் கேபிளை வாரிக்கொண்டு போயிருந்தது.

“பார்த்துத் தோண்ட மாட்டீங்களா?” என்று கத்தினேன்.

“இன்னா மேடம் பண்றது, கேபிளு மேலாலயே கீது. ஒரு அடி கூட ஆழமா போடல. நாங்க இன்னா கண்டோமா?” என்றார் மண்வெட்டியோடு நின்றவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

இணைப்பு சாயங்காலம் வரை வரவில்லை. அப்போதுதான் எதிர்வரிசையில் இருக்கும் டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார், தெருவில் எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போய் நிற்பார். நெட் வந்ததா என்று கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“கொஞ்சம் பேசணும்மா. தப்பா எடுத்துக்காதீங்க.”

“சொல்லுங்க டீச்சர்.”

“எங்க அக்கா பையன் ஒருத்தன் கோவிலம்பாக்கத்துல இருக்கான். உங்களுக்கு ஏதோ அனுப்பியிருக்கானாம். நீங்க கையெழுத்துப் போடாம திருப்பித் திருப்பி அனுப்பிக்கிட்டே இருக்கீங்களாமே?”

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. ஓடியதும் காது இரண்டும் சூடாகிவிட்டன. கெர்னலுக்கு சிபாரிசு! உலகத்தில் எத்தனையோ ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் எனக்குப் பேட்ச் அனுப்பியிருக்கிறார்கள். சித்தியை அனுப்பியவன் இவன் ஒருத்தன்தான்.

“அவன்தான் உங்களை அனுப்பினானா?”

“ஐயோ, இல்லம்மா. அவனுக்குத் தெரியவே தெரியாது. போன வாரம் வந்தப்போ, ஒரு மேடம் கேள்வி கேட்டே கொல்றாங்க சித்தின்னு புலம்பினான். பேரைக் கேட்டேன், சொன்னான். இது நம்ம தெருவாச்சேன்னு நானா வந்தேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “முந்தின கம்பெனில ஆளைக் குறைச்சப்போ இவனுக்கும் வேலை போச்சு. ரொம்ப நாள் வீட்லயே உக்காந்திருந்தான்மா. ஆளே ஒடுங்கிப் போயிட்டான். இப்பதான் இது கிடைச்சிருக்கு. இன்னும் கன்ஃபர்ம் பண்ணல. உங்க ஓகே வந்தாதான் பண்ணுவாங்களாம். பெரிய மனசு பண்ணுங்களேன்.”

“டீச்சர், நீங்க எத்தனை வருஷம் பேப்பர் திருத்தியிருக்கீங்க? யாராவது வந்து பாஸ் போடுங்கன்னா போட்டுடுவீங்களா?”

“போட மாட்டேன்” என்றார் பட்டென்று. “ஆனா பையனைக் கூப்பிட்டு எங்க தப்புன்னு நேர்ல சொல்லுவேன்.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வரச் சொல்லுங்கள், போர்டையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்றேன். அவர் போன பிறகு என் வீட்டுக்காரரிடம் குதித்தேன். “பார்த்தீங்களா? ரேஷன் கார்டுல பேர் சேர்க்கறதுக்கு வந்த மாதிரி வந்துட்டுப் போறாங்க!” அவர் சிரிக்காமல், “உன்கிட்ட இருந்து வாங்க ஒரு பொருள் இருக்குன்னு இந்தத் தெருவுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு” என்றார். இந்த மனிதரிடம் ஆறுதலை எதிர்பார்த்தது என் தப்பு. நெட் திரும்பி வந்ததும் அந்த மெயிலை அழித்துவிட்டேன்.

ஞாயிறு வந்தான். பையன் பையன் என்று டீச்சர் சொன்னதில் கல்லூரி முடித்த பிள்ளை என்று நினைத்திருந்தேன். முப்பதைத் தாண்டிய ஆள், முன்நெற்றி ஏறத் தொடங்கியிருந்தது. சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் லேப்டாப் பை, கையில் போர்டு வைத்த டிபன் டப்பா. வாசலிலேயே நின்றுகொண்டு, “மேடம், சித்தி வந்தது சத்தியமா எனக்குத் தெரியாது. ரொம்ப சாரி மேடம்” என்றான். முகம் செத்துப் போயிருந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார வைப்பதற்கே நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

“எப்படி டெஸ்ட் பண்ணீங்கன்னு கேட்டேன், பதிலே வரல. இப்ப பண்ணிக் காட்டுங்க.”

போர்டை லேப்டாப்பில் சொருகினான். ஒயர் நுனியில் தொங்கிய வெப்ப சென்சாரை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ள, திரையில் எண் மெல்ல ஏறி முப்பத்தைந்தில் நின்றது. ஒரு துண்டு ஒயரால் பேச்சுக் கம்பியைத் தொட்டுத் தொட்டு மயங்க வைக்கச் சொன்னேன். செய்தான். கருவி உறையவில்லை. அந்த மட்டுக்கு அவன் பேட்ச் வேலை செய்தது. நான் எழுந்து போய் ஒரு டம்ளரில் ஹீட்டரிலிருந்து வெந்நீர் பிடித்து வந்து, சென்சாரை அதில் போடச் சொன்னேன். ஒயரால் தொட்டுக்கொண்டே போட்டான். டம்ளரிலிருந்து ஆவி பறக்கிறது. திரையில் முப்பத்தைந்து. நாங்கள் இரண்டு பேரும் அந்த முப்பத்தைந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது அசையவில்லை.

“இதுதான் நான் கேட்டது. இதுக்கு வெற்றின்னு பேரா?”

அவன் ஒயரைக் கீழே வைத்தான்.

“இது எந்தக் கருவிக்குப் போகுது?”

“வார்மர் மேடம்” என்றான். “குறைமாசக் குழந்தைங்களைப் படுக்க வைப்பாங்களே, மேல ஹீட்டர் இருக்கும், அது. இந்த சென்சாரைக் குழந்தை வயித்துல ஒட்டுவாங்க. இது சொல்ற டெம்பரேச்சரை வெச்சுத்தான் ஹீட்டர் ஏறும், இறங்கும்.”

டம்ளரை மேஜையிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தேன். ஏன் என்று தெரியாது, அது அங்கே இருக்கக் கூடாது என்று பட்டது.

“தெரிஞ்சேவா இதை எழுதினே?” ஒருமைக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான். திறந்தவன் நிறுத்தவில்லை. முதலில் அவன் எழுதியது சரியாகத்தான் இருந்ததாம். கம்பி சிக்கினால் எழுப்பும், தோல்வி என்று சொல்லும், தோல்வி திரும்பத் திரும்ப வந்தால் வார்மரில் அலாரம் அடிக்கும். சோதனைக்கு வைத்திருந்த ஆஸ்பத்திரியில் அலாரம் அடிக்கடி அடித்திருக்கிறது. வார்டு நர்ஸுகள் தொல்லை தாங்காமல் கம்பெனிக்குப் போன் போட்டிருக்கிறார்கள். சென்சார் ஒயர் தரமானதாக இல்லை, அதை மாற்றினால் பாதி சிக்கல் தீரும் என்று இவன் சொல்லியிருக்கிறான். மேனேஜர், ஒயரெல்லாம் ஏற்கெனவே வாங்கியாச்சு, அலாரம் வரக்கூடாது, சாஃப்ட்வேர்ல பார்த்துக்கோ என்றிருக்கிறார்.

“அப்போ உங்க கம்பெனியே மாத்தி வெச்சுக்க வேண்டியதுதானே, என்கிட்ட எதுக்கு அனுப்பினே?”

“வார்மர் வாங்கறவங்க கண்டிஷன் போட்டிருக்காங்க மேடம். கெர்னல்ல கம்பெனி சொந்தமா கை வெச்சிருக்கக் கூடாது, வெளியில ரிவியூ ஆகி ஒரிஜினல்ல சேர்ந்ததைத்தான் ஒத்துக்குவாங்க. அதான் உங்ககிட்ட வந்தது.”

“நான் ஏன் ஏன்னு கேட்டப்பல்லாம் இதைச் சொல்லியிருக்கலாமே!”

“எப்படி மேடம் சொல்றது? உலகமே பார்க்கற லிஸ்ட். என்னோட மேனேஜரும் பார்ப்பார்.” தலையைக் குனிந்துகொண்டான். “நீங்க ரிஜெக்ட் பண்ணிடுவீங்கன்னு நினைச்சேன். இருபதை எடுத்தேன், நாற்பதாக்கினேன், கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒளிச்சு வெச்சேன். கோவம் வந்து முடியாதுன்னு ஒரு வரி எழுதிடுவீங்க, அதைக் காமிச்சுத் தப்பிச்சுக்கலாம்னு பார்த்தேன். நீங்க திட்டவே மாட்டேங்கறீங்க. கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கீங்க.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திட்டி எழுதிய ஒரே மெயிலையும் ஜேசிபி தின்றுவிட்டதே! அது போயிருந்தால் இவன் பிழைத்திருப்பான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுவும் பிழைப்பு இல்லை. நான் முடியாது என்று சொன்னால் கம்பி சிக்கும்போது வார்மர் உறைந்து நிற்கும். அதுவும் அந்தக் குழந்தை தலையில்தான் விடியும். எழுப்புகிற பேட்ச் வேண்டும். பொய் சொல்கிற வரி கூடாது.

“முதல்ல எழுதினது இருக்கா?”

லேப்டாப்பில் வைத்திருந்தான். படித்தேன். அந்த இருபதுக்கு மேலே நாலு வரி விளக்கம் இருந்தது. எழுந்த சென்சார் நிதானத்துக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அலைக்காட்டிக் கருவியில் அளந்து, மோசமான சென்சாருக்கும் சேர்த்து வைத்திருந்தான். தோல்வி என்று சொல்ல வேண்டிய இடத்தில் தோல்வி என்று சொல்லியிருந்தான். ஒரு கேள்வி கேட்க இடமில்லை. இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்தவனை இப்படி எழுத வைத்தார்களே என்று ஆத்திரமாக வந்தது. முகம் தெரியாத அந்த மேனேஜரை மனதுக்குள் கிழி கிழி என்று கிழித்தேன்.

“இதை அனுப்பு. அன்னிக்கே சேர்த்துடறேன்.”

“அனுப்பினா வேலை போயிடும் மேடம்.”

அதை அவன் அழுதுகொண்டு சொல்லவில்லை. அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை என்கிற மாதிரி சொன்னான். நான் என்ன சொல்வது? எனக்குச் சம்பளம் தரும் வேலை தனியாக இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தனுக்கு நியாயம் சொல்வது சுலபம்.

“நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன்பா. ஆனா மத்தது என் கை வழியா போகாது. இனிமே ஏன்னு கேட்கவும் மாட்டேன். முடியாதுன்னு ஒரே வார்த்தை எழுதிடறேன். உனக்கு அதுதானே வேணும்?”

“ரெண்டு நாள் டைம் குடுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு போர்டை டப்பாவில் வைத்து மூடினான். காபியைக் குடிக்காமலே போய்விட்டான்.

அந்த இரண்டு நாளும் நான் வீட்டில் எல்லார் மேலும் விழுந்தேன். பால் திரிந்ததற்கு விழுந்தேன், தெருவில் பள்ளம் மூடாததற்கு விழுந்தேன். யார் மேல் கோபம் என்று தெரிந்துவிட்டால்கூடத் தேவலை. நல்ல ஒயர் போடச் சொன்னவனை விட்டுவிட்டு அலாரத்தின் வாயைப் பொத்தச் சொன்ன அந்த ஆள் மேலா? தூங்க விடாமல் அலறும் அலாரத்தோடு ஒரு வார்டையே பார்த்துக்கொள்ளும் நர்ஸ் மேலா? என் கேள்விக்கெல்லாம் டன் டன் என்று தப்பித்தவன் மேலா? முடியாது என்று எழுதி வைத்த பதில் என் லேப்டாப்பில் தயாராக இருந்தது. ஒவ்வொரு தடவை மெயில் வரும்போதும் திறக்கப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேட்ச் வந்தது. மேலே டன் மேடம் இல்லை. இருபது இருந்தது, அதற்கான விளக்கம் இருந்தது, தோல்வி தோல்வியாகவே இருந்தது. விளக்கக் குறிப்பின் கடைசியில் இரண்டு வரி சேர்த்திருந்தான். முந்தின வடிவங்கள், கருவியின் அலாரம் அடிக்கக் கூடாது என்பதற்காக வெற்றி என்று பதில் சொல்லின. அது தவறு, நோயாளிக்கு ஆபத்து. கம்பெனி முகவரியிலிருந்தே, சொந்தப் பெயரில், உலகமே பார்க்கிற லிஸ்ட்டில் எழுதியிருந்தான். யாரும் கேட்காமலே.

நான் இரண்டு தடவை படித்தேன். படிக்கத் தேவையில்லை, இருந்தாலும் படித்தேன். என்னிடம் இருந்த போர்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை கெர்னலில் சேர்த்தேன். சேர்த்தாகிவிட்டது, மிக நல்ல வேலை, நன்றி என்று அவனுக்கு எழுதினேன். நான் யாருக்கும் ‘மிக’ போட்டு எழுதுகிறவள் அல்ல.

போன வேகத்தில் மெயில் திரும்பி வந்தது. அப்படி ஒரு முகவரியே இல்லை என்றது அந்தக் கம்பெனியின் சர்வர்.

டீச்சரிடம் கேட்காமல், அவன் ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிட்டுப் போன எண்ணுக்குப் போன் செய்தேன். பின்னால் ஏதோ பஸ் ஸ்டாண்டு இரைச்சல். “நேத்து சாயங்காலமே அனுப்பிட்டாங்க மேடம். ஐடி கார்டை வாங்கிக்கிட்டாங்க” என்றான். நான் என்னென்னவோ சொன்னேன். வேறு இடத்தில் சொல்லி வைக்கிறேன் என்றேன், உன் பெயர் கெர்னலில் இருக்கிறது, அதை யாராலும் எடுக்க முடியாது என்றேன். எல்லாவற்றுக்கும் “சரிங்க மேடம்” என்றான். கடைசியில், “சித்திக்கு இன்னும் தெரியாது. வேற ஒண்ணு கிடைச்சதும் நானே சொல்லிக்கறேன். நீங்க எதுவும் சொல்லிடாதீங்கக்கா” என்றான். அன்றைக்குத்தான் முதல் தடவை அக்கா என்றான்.

சனிக்கிழமை காலை ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது டீச்சர் எதிரே வந்தார். தூரத்திலிருந்தே முகமெல்லாம் சிரிப்பு. கிட்டே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அவன் போன்ல சொன்னான்மா. நீங்க சேர்த்துட்டீங்களாமே! அவங்க அம்மா எனக்குப் போன் பண்ணி ஒரே அழுகை, சந்தோஷத்துல. நாளைக்கு சர்ச்ல ஒரு நன்றி ஜெபம் சொல்லியிருக்கோம். இனிமே அந்தக் கம்பெனில அவன் நிலைச்சுடுவான் இல்லம்மா?”

நடக்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். டீச்சர் என் கையை விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா டீச்சர்” என்றேன். “ஒரு குறையும் இல்ல.”